செர்மா டீச்சர் போட்ட அம்புக்குறி

எங்கள் ஊர்ப் பள்ளியில் செர்மா டீச்சர் வரைபடம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, "சூரியன் எந்தப் பக்கம்? காகிதத்தைத் திருப்பு. இப்ப நீயே அம்பு போடு" என்பார். மறந்தும் இன்னொருவர் படத்தில் பேனா வைக்கமாட்டார். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் பட்டபாடு அவருக்குத்தான் தெரியும்.

செர்மா தலைநகரில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர். வேலை கிடைத்து, கூடாரம் போட்டு மந்தை மேய்ப்பவர்கள் வாழும் எங்கள் புல்வெளிக்கு வந்த புதிதில், அடுப்பில் சாணி எரிக்கக்கூடத் தெரியாது, பாவம். முகமெல்லாம் கரியோடு வகுப்புக்கு வருவார். ஆனால் பிள்ளைகள் என்றால் உயிரை விடுவார்.

அந்த முதல் மாதத்தில் ஒருநாள், "பள்ளிக்கூடத்துல இருந்து உங்க வீட்டுக்கு வழி போடுங்க பாக்கலாம்" என்றார். விடுதியில் தங்கியிருந்த ஏழு வயது சொலோங்கோ ஆசை ஆசையாகப் போட்டாள். காகிதத்தின் அடியில் பள்ளி, நடுவில் கிணறு, அதற்கு மேலே இரட்டைக் குன்று, உச்சியில் அவர்கள் கூடாரம். பக்கத்தில் ஒரு நாய். திசை மட்டும் போடவில்லை. செர்மா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, உச்சியில் ஓர் அம்பு போட்டு 'வடக்கு' என்று எழுதினார். வரைபடத்தின் மேல்பக்கம் வடக்குதானே, இதில் என்ன சந்தேகம்!

பனி இறுகிய மாதத்தில் சொலோங்கோவுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஊர் மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. மாகாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். பொழுது சாயறதுக்குள்ள அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது, தனியாத்தான் ஏத்தி அனுப்பணும்."

குழந்தை கண்ணைத் திறக்காமலே "அம்மா, அம்மா" என்று அனத்திக்கொண்டிருந்தது. பெற்றோரோ அந்த இலையுதிர்காலத்தில்தான் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஆட்டு மந்தையோடு வந்தவர்கள். கூடாரம் எங்கே என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே போனும் எடுக்காது. இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். செர்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளி ஜீப்பில் ஏறினார்.

"எந்தப் பக்கம் டீச்சர்?" என்றார் ஓட்டுநர் கொம்போ.

"வடக்க அண்ணே. நேரா வடக்க."

வடக்கிலும் ஒரு கிணறு இருந்து தொலைத்தது! அதைப் பார்த்ததும் செர்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் இரட்டைக் குன்றைத்தான் காணோம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய், உச்சிப்பொழுதும் தாண்டிவிட்டது. கடைசியில் குதிரை மேய்க்கும் ஒருவர் எதிர்ப்பட்டார். படத்தை வாங்கியவர் பனியிலேயே சப்பணமிட்டு, சூரியனைப் பார்த்து உட்கார்ந்து, அதை மடியில் விரித்தார்.

"வடக்குன்னு எழுதின புண்ணியவான் யாரு? கூடாரத்து வாசல் எப்பவும் தெக்கதானே. எங்க புள்ளைங்க வாசலப் பாத்து உக்காந்தே வளருதுங்க. மூஞ்சிக்கு நேரா இருக்கறதத்தான் மேல போடும். இது தெக்கு, தாயி. நீங்க ஊரத் தாண்டி அந்தப் பக்கம் போகணும்."

செர்மா கொம்போவின் பக்கம் திரும்பினார். "அண்ணே, நான்தான் எழுதினேன்... நான்தான்..."

"அழுகையை வண்டியில உக்காந்து அழும்மா. ஏறு!" என்றார் கொம்போ.

வந்த வழியே திரும்பி, ஊரைக் கடந்து, தெற்கே பாய்ந்தார்கள். கிணறு வந்தது. இரட்டைக் குன்று வந்தது. அதற்கு அப்பால் கூடாரம். "நாயைப் பிடிங்க!" என்று கத்திக்கொண்டே செர்மா ஓடினார்.

அம்மா யஞ்சிமா வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, உப்பிட்ட பால் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். குடித்த பிறகுதான் சேதி கேட்பது எங்கள் வழக்கம்.

"தேநீர் வேண்டாம்க்கா" என்றார் செர்மா.

யஞ்சிமாவின் கை அப்படியே நின்றது. நல்ல சேதியோடு வந்தவர்கள் தேநீரை மறுப்பதில்லை. "சொலோங்கோவா?" என்று மட்டும் கேட்டாள். மறுகணம் அங்கியை மாட்டிக்கொண்டு வண்டியில் இருந்தாள். அவள் புருஷன் வழி நல்லபடி அமையட்டும் என்று பாலைக் கரண்டியில் எடுத்து வண்டிக்குப் பின்னால் தெளித்தான்.

வழியில் செர்மா ஒன்று விடாமல் சொல்லி அழுதார். யஞ்சிமா ஒரு வார்த்தை ஏசவில்லை. படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நாய்க்கு வாலே போடல பாருங்க. போன வருஷம் ஓநாய் கடிச்சிடுச்சு. அதைக்கூட மறக்கல எம்புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. யஞ்சிமா தாவி ஏறி மகளை உச்சி முகர்ந்தாள். ஊசி போட்டதில் காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்தது. சொலோங்கோ கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள், பிறகு வண்டிக் கதவருகே நின்ற டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், நான் வழி தப்பாப் போட்டுட்டேனா? அதான் இவ்வளவு நேரமா?"

செர்மா அவள் பக்கம் குனிந்தார். "இல்லடி கண்ணு. நீ போட்டது அத்தனையும் சரி. டீச்சர்தான் தப்பா எழுதிட்டேன்."

"அப்ப உங்களுக்கு எத்தனை மார்க்கு?"

"முட்டை."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி டீச்சரின் விரலைப் பிடித்துக்கொண்டது.

"அழாதீங்க டீச்சர். பனி உருகினதும் நானே உங்களை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடியே கூட்டிக்கொண்டும் போனாள்.