நிப்பிளில் வைத்த சிவப்புப் பொட்டு

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் ஆம்பூரில் சைக்கிள் சக்கரம் கோட்டம் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. வேலூர் லாங் பஜாரில் சைக்கிளில் மூட்டை ஏற்றுகிறவர்கள்கூட சக்கரத்தைக் கழற்றி, அங்கிருந்து பஸ்ஸில் என் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

என் மச்சான், மனைவியின் தம்பி, தோல் மண்டியிலிருந்து உப்புப் போட்ட தோலைச் சைக்கிளில் கட்டி, தோல் பதனிடும் ஷாப்புக்குக் கொண்டுபோகிறவன். அவனுடைய பின்சக்கரத்துக்கு நாற்பது போக்ஸ் கம்பியும் புதிதாகப் போட்டேன். விரலால் தட்டினால் எல்லாக் கம்பியிலும் ஒரே சத்தம் வரும்வரை முடுக்கினேன். கடைசியில், வழக்கம்போல, கம்பியை முடுக்கும் நிப்பிளுக்கும் ரிம்முக்கும் சேர்த்துச் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. வேறு கை திருகினால் பொட்டு இரண்டாகப் பிரிந்துவிடும்.

கொஞ்ச நாளில், ஷூ கம்பெனி விட்டுப் போகிறவர்கள் என் கடையில் நிற்பது நின்றுபோனது. டீக்கடையில் அவர்களில் ஒருவனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஒங்க மச்சானே சொல்றாரு பெரியவரே. நீங்க ஜாஸ்தி டைட் வெக்கிறீங்களாம், கம்பி பட்டு பட்டுனு ஒடையுதாம்."

நேரே மச்சான் வீட்டுக்குப் போய்ச் சைக்கிளைக் கவிழ்த்தேன். நான்கு கம்பிகள் முறிந்து தொங்கின. உப்புத் தண்ணீர் சொட்டித் துருப்பிடித்ததோ என்றுதான் முதலில் நினைத்தேன். துரு என்றால் நிப்பிள் ஓரத்தில் அரித்திருக்கும். இதுவோ சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் நுழைகிற வளைவில் சுத்தமாக முறிந்திருந்தது. மற்ற கம்பிகளைத் தட்டினேன், செத்த சத்தம். பொட்டுகள் எல்லாம் பிரிந்து கிடந்தன.

"எவன்டா கை வெச்சான்?"

"டைட்டா இருந்தா ஒடையும்னாங்க மாமா. பஸ் ஸ்டாண்டு கடைல கொஞ்சம் லூஸ் பண்ணேன்."

"எங்கிட்ட கேட்டா இன்னா?"

"கேட்டா, லாங் பஜார் கதைய மொதல்லேர்ந்து ஆரம்பிப்பீங்க. அக்காவே காதப் பொத்திக்குது."

தளர்ந்த கம்பிதான் உடையும் என்று அவனுக்குச் சொன்னேன். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை தொய்ந்து, ஒரு தடவை விறைக்கும். கையில் கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி முறிப்போமே, அதே வேலை. இறுகிய கம்பி ஆடாது. ஒன்று போனால் அன்றைக்கே மாற்ற வேண்டும். விட்டால் பாரம் பக்கத்துக் கம்பியில் விழுந்து அதையும் கொண்டுபோகும்.

"லூஸ் பண்ணது நீதான்னு கம்பெனி ஆளுங்ககிட்ட சொல்லுவியா?"

"வுடு மாமா. இதுக்குப் போயி ஊரக் கூட்டுவாங்களா?"

என் பேரைக் கெடுக்க ஊரெல்லாம் சொன்ன வாய் அது.

சக்கரத்தை எடுத்துவந்து நான்கு கம்பியும் போட்டு, நாற்பதையும் முடுக்கினேன். சத்தம் ஒன்றாக வந்தது. பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். குச்சியைத் தோய்க்காமலேயே மூடிவிட்டேன். அந்தச் சக்கரத்தை இனி யார் திருகுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம்.