தோக்கியோ நேரத்தில் கட்டிய தாலி

பினாங்கு வானொலி நிலையத்தின் வரலாற்றை யாராவது எழுதினால் அதில் கோபுரம் வரும், கருவிகள் வரும், வந்துபோன அதிகாரிகள் வருவார்கள். என் மாமனார் வரமாட்டார். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன். நிலையத்தின் தமிழ்க் குரல் அவர்தான். எத்தனை எஜமானர்கள் மாறினாலும் தான் மாறவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மாறாதது அவர் உட்கார்ந்த நாற்காலி மட்டும்தான்.

முதலில் அது லண்டன் சொன்னதை வாங்கிச் சொல்லும் நிலையமாக இருந்தது. சண்டை நெருங்கியபோது, பயப்பட ஒன்றுமில்லை என்று மாமனார் தினமும் தமிழில் வாசித்தார். அவர் வாசித்துக்கொண்டிருந்தபோதே வெள்ளைக்காரர்கள் தங்கள் பெண்டு பிள்ளைகளை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு ஓசைப்படாமல் கிளம்பிவிட்டார்கள். நம்மவர்களிடம் போய்வருகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு ஜப்பான்காரன் வந்தான். சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பேர் வைத்தான். எங்கள் நிலையத்தை அதனோடும் தோக்கியோவோடும் சேர்த்துக் கட்டினான். மாமனார் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கனைப்புக் கனைத்து, இங்கிலீஷ் கப்பல்களை மூழ்கடிக்க ஆரம்பித்தார். அவர் மூழ்கடித்த கப்பல்களைக் கூட்டிப் பார்த்தால் எங்கள் துறைமுகத்துச் சம்பான் படகுகளைவிட அதிகம் இருக்கும்.

நடுவில் இந்திய விடுதலைக்கென்று தினமும் அரை மணி ஒதுக்கினார்கள். அந்த அரை மணிக்கு மட்டும் அவர் தேசபக்தர். குல்லாய்கூட வைத்துக்கொள்வார். ரேடியோவில் அதை யார் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு உப்பிக் கிடந்தபோது, குரலுக்கு நல்லது என்று தினம் ஒரு முட்டை அவருக்கு வேண்டும். தன் கைக்கடிகாரத்தை நிலையத்தின் ஜப்பானிய அதிகாரிக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, அதை ஏதோ பதக்கம் வாங்கியவர்போல வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஜப்பான்காரன் மணியையும் விட்டுவைக்கவில்லை. தோக்கியோவில் எத்தனை மணியோ அதுதான் இங்கேயும் என்று ஒன்றரை மணி நேரத்தை முன்னால் தள்ளிவிட்டான். பாசார்ச் சந்தை ஒலிபெருக்கியில் காலையில் மாமனாரின் குரல் வரும். “இது பினாங்கு. தோக்கியோ நேரப்படி இப்போது காலை மணி ஏழு.” வெளியே கும்மிருட்டாக இருக்கும். கடையும் ஆபீசும் அவர் சொன்னபடி திறந்தன. கோயில் மட்டும் பழைய மணியிலேயே நடந்தது. பஞ்சாங்கத்துக்குத் தோக்கியோவைத் தெரியாது.

என் கல்யாணத்தை அப்பா அவசரமாக முடித்தார். வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருந்தவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்காத காலம். மாப்பிள்ளை தேடலாம் என்றால், இளைஞர்களைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த மாப்பிள்ளை தகப்பனோடு வானொலி நிலையத்தில் கருவிகளைப் பழுது பார்ப்பவர், அவரைத் தொடமாட்டார்கள். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. திங்கட்கிழமை, பஞ்சாங்கப்படி ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம், கோயிலில் தாலி கட்டு என்று பேசினார்கள். அது பழைய மணி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டார்கள்.

மாமனார் தோக்கியோ மணி ஒன்பதுக்கு, ஜப்பானிய அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் வீட்டார் பாதிப் பேர்கூட வந்து சேரவில்லை. நான் கூந்தலை முடித்தும் முடிக்காமலும் ஓடி வந்தேன். குருக்கள் பதறிப்போனார்.

“ஐயா, பழைய மணிக்கு இப்ப ஏழரைதான். ராகு காலம் இப்பத்தான் தொடங்குது. கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

“எந்தப் பழைய மணி? ஊருக்கெல்லாம் ஒரே மணிதான். நான் சொல்றதுதான் மணி. தொரை காத்துக்கிட்டு இருக்காரு லா, சீக்கிரம்!”

வெள்ளைக்காரனைத் துரை என்று கூப்பிட்ட வாய், ஜப்பான்காரனையும் கூச்சமில்லாமல் துரை என்றது. அப்பா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜப்பானியரோ எதையும் கேட்கவில்லை, யாரையும் அதட்டவில்லை. தூணில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். மத்தியானம் வரைக்கும் பேசாமல் இருந்திருப்பார். பயம் முழுவதும் மாமனாருடையது. அவர் பயத்துக்காக, நல்ல ராகு காலத்தில் என் கழுத்தில் தாலி ஏறியது. அம்மா அழுததைப் பார்த்து, பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ராகு காலத்தில் பெரிய நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. மாமனார் வீட்டில் சோறு வடித்தேன், கிழங்கு அவித்தேன், முட்டை வேகவைத்தேன். கூடத்துச் சுவர்க் கடிகாரம் அவர் சொற்படி தோக்கியோ மணி காட்டியது.

ஜப்பான்காரன் தோற்ற செய்தி வந்ததும் மாமனாருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டார். இங்கிலீஷ்காரன் வந்து நிலையத்தை மறுபடி லண்டனோடு சேர்த்தான். தமிழுக்கு ஆள் வேண்டும் என்றான். தொண்டை உடனே திறந்துகொண்டது. அன்றைக்கே முக்காலியைப் போட்டு ஏறி, கூடத்துக் கடிகாரத்தின் முள்ளை அவர் கையாலேயே ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார். அத்தோடு தோக்கியோ முடிந்தது. அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாதவர்போல நடந்துகொண்டார்.

அதற்குள் எனக்குக் குழந்தை இல்லை என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்திருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “திங்கட்கிழமை… ஒன்பதுன்னா… சரியான மணிக்கு ஏழரை. அட, ராகு காலம்! அதான் இப்படி.” ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர்போல என்னைப் பார்த்தார். குருக்கள் கெஞ்சியது அவருக்கு நினைவில்லை. அன்றிலிருந்து நான் ராகு காலத்தில் வந்தவள். என் கணவர் அப்போதும் தரையைத்தான் பார்த்தார். அவர்மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு மாதம் போவதற்குள் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மாமனாரின் அக்காவும் அத்தானும் வந்து உட்கார்ந்தார்கள். கெப்பாலா பத்தாஸில் என் கணவருக்கு ஒரு பெண் இருக்கிறாளாம். என்னை அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமாம். நான் காப்பி கொண்டுவந்து வைத்தபோது, என்னை வைத்துக்கொண்டே பேசினார்கள்.

“ராகு காலத்துல கட்டின தாலி. அது நிக்குமா அக்கா?” என்றார் மாமனார்.

தட்டை வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கடிகாரக் கண்ணாடியைத் திறந்து முள்ளைக் கண்டபடி சுற்றினேன். ஒன்பதில் கொண்டுபோய் நிறுத்தினேன். பிறகு அவரைப்போலவே கனைத்து, அவருடைய குரலில் சொன்னேன்:

“இது பினாங்கு. தோக்கியோ நேரப்படி இப்போது காலை மணி ஒன்பது.”

மாமனாரின் அக்காவுக்குச் சிரிப்பு வந்து காப்பி புரையேறிவிட்டது. “அப்படியே உன் குரல்தான்டா!” என்றார். மாமனார் முகம் கறுத்துப்போனது. அப்போதுதான் என் கணவர் தலையைத் தூக்கினார்.

“கட்டச் சொன்னது நீங்க. கட்டினது நான். ராகு காலம் எங்க ரெண்டு பேருக்கும்தான் அப்பா. இவ போனா நானும் கூடவே போயிடுவேன்.”

இதைச் சொல்ல அவருக்கு இத்தனை நாள் வேண்டியிருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்; அதற்காக மன்னித்தேன். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் படகுத்துறைக்குப் புறப்பட்டார்கள். கெப்பாலா பத்தாஸ் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

மாமனார் அன்று சாயந்திரம் நிலையத்துக்குப் போக வேண்டும். முக்காலியில் ஏறி, முள்ளைப் பிடித்தபடி நின்றார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைக்கடிகாரம் ஜப்பான்காரனோடு போய்விட்டது. தீவுக்கெல்லாம் நேரம் சொன்னவர், கீழே நின்ற என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“இப்ப மணி என்னம்மா?”

“நீங்க சொல்றதுதான் மணி, மாமா,” என்றேன்.