உட்காராத கார்டு

குத்தாலத்தில் எங்கள் தெருவில் பெரிய சாமான் எதுவானாலும் ஒரே விதிதான்: சம்பா அறுவடை முடிந்து மூட்டை போன பிறகு பேசலாம். ஃப்ரிட்ஜ், மோட்டார் பம்ப், கல்யாணப் பட்டு எல்லாம் மாசிக்குக் காத்திருந்தன. நான் கேம் ஆடும் கம்ப்யூட்டரும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது.

தஞ்சாவூரில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து பஸ்ஸில் கொண்டுவந்தோம். மானிட்டர் எதிர்வீட்டு நண்பனின் மடியில், கேபினட் என் மடியில். ஒரே கீபோர்டில் இருவரும் கார் ரேஸ் ஓட்டினோம். வலப்பக்கத்து அம்புக்குறிகள் அவனுக்கு, இடப்பக்கத்து எழுத்துகள் எனக்கு. அந்தக் கீபோர்டில் ஒரே நேரத்தில் பல பட்டன்களை அமுக்கினால் அடுத்தவன் பட்டன் வேலை செய்யாது. அவன்தான் இதை முதலில் கண்டுபிடித்தான். கடைசி வளைவு வந்ததும் வேண்டாத பட்டன்களையும் சேர்த்து அமுக்கிப் பிடிப்பான். என் கார் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதும்.

"ஓட்டத் தெரியல, கீபோர்டக் குத்தம் சொல்ற பாரு" என்பான். அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நானும் விட்டிருந்தேன்.

சீர்காழியில் பெண் எடுத்த கையோடு அவன் சிங்கப்பூர் போனான், கப்பல் பட்டறை வேலைக்கு. எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்ததும் ஞாயிறு மதியங்களில் அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஓட்டினோம். பத்திரிகை வேலையில் எனக்கு ஞாயிறுதான் வார விடுப்பு. ஹெட்போனில் அவன் அறையில் யாரோ தாளிக்கும் சத்தம் கேட்கும். இங்கே கரண்ட் போனால் உடனே போன் வரும்: "தோக்கப்போறேன்னு தெரிஞ்சதும் ஈ.பி.க்கு ஆள் அனுப்பிட்டியா மாப்ள?"

தெருவிலிருந்து வெளிநாடு போன மற்றவர்களோடு பேச்சு பண்டிகைக்கு ஒரு போன் என்று சுருங்கிவிட்டது. எங்களுக்கு அப்படி ஆகாததற்கு அந்த மெஷின்தான் காரணம். அது நின்றால் ஞாயிறும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

நிற்கத் தொடங்கியது. ரேஸின் புது வெர்ஷன் வந்தது. என் திரையில் சாலை துண்டு துண்டாக வந்தது. அந்த மாசியில் தஞ்சாவூர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேபினட்டைத் திறந்து பார்த்தார்.

"முழுசா மாத்த வேணாம் சார். கிராபிக்ஸ் கார்டு மட்டும் போடுங்க, இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும். போடுறதுன்னா இப்பவே போட்டுடுங்க."

கார்டைக் கையில் வைத்துக்கொண்டே நண்பனைக் கூப்பிட்டேன்.

"டேய், அங்க வாங்காத. இங்க அதவிட நல்ல கார்டு கிடைக்குது. ஆவணிக்கு லீவுல வரேன், நானே எடுத்துட்டு வரேன். அதுக்குள்ள வாங்கி வச்சேன்னா பாரு."

கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பெட்டியில் இடம் சொல்லிவிட்ட பொருளை உள்ளூரில் வாங்குவது எங்கள் பக்கம் அவனை அவமதிப்பது போல.

ஆவணிக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு, பழைய வெர்ஷனில் ஓட்டிவந்த ஞாயிறும் போயிற்று. "ஞாயித்துக்கிழமையும் ஷிஃப்ட் போட்டுட்டாங்க மாப்ள" என்றான். நம்பினேன். அடுத்த சம்பாவும் வந்து போனது. நான் கடைப்பக்கம் போகவில்லை.

வைகாசியில் குழந்தைக்குக் காதுகுத்து என்று மாமனார் வீட்டுக்கே நேராக வந்து இறங்கினான். நான் சீர்காழி போனேன். அவன் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான். காலேஜில் படிக்கும் அவன் மச்சினன் என்னை மாடிக்கு இழுத்துப் போனான்.

"அண்ணே, நீங்கதானே பட்டன அமுக்கிப் புடிச்சு அடுத்தவன் கார செவத்துல விடுற ஆளு? அத்தான் கதை கதையா சொல்லியிருக்காங்க."

"நானா?"

"பின்ன? உங்ககிட்ட ஏமாந்து ஏமாந்துதான் வெவரமாயிட்டாங்களாம். இப்ப அந்தக் கடுப்ப எல்லாம் என்கிட்ட காட்டுறாங்க. கடைசி வளைவுல பின்னாடி ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடுறாங்க. போன ஞாயித்துக்கிழமகூட அப்படித்தான்."

"ஞாயித்துக்கிழம அவனுக்கு ஷிஃப்ட் இல்ல?"

"ஞாயித்துக்கிழம ஏதுண்ணே ஷிஃப்ட்? போன வருஷம் ஒரு ஆள்கிட்ட இந்தக் கார்ட குடுத்தனுப்புனாங்கல்ல, அதுலேர்ந்து ஒரு வாரம்கூட விட்டதில்ல."

பக்கவாட்டு மூடி இல்லாத கேபினட்டுக்குள் கார்டின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது வந்த அட்டைப்பெட்டி பரணில் இருந்தது, சிங்கப்பூர்க் கடையின் ஸ்டிக்கரோடு.

கீழே வந்து, பாயச வாளியோடு நின்றவனிடம் கேட்டேன். அவன் முகம் மாறவில்லை.

"மச்சினன் கேட்டான்டா. மாமனார் வீடு, இல்லன்னு சொல்ல முடியுமா? அதுவுமில்லாம இந்தக் கார்டு உன் மதர்போர்டுல உட்காராது. ஸ்லாட்டே வேற. உனக்குக் குடுத்திருந்தாலும் வேஸ்ட்டுதான்." பிறகு, "சாப்பிட்டியா?" என்றான்.

மறுவாரம் தஞ்சாவூர்க் கடையில் கேட்டேன்.

"உங்க ஸ்லாட்டுக்கு கார்டு வர்றது நின்னுபோச்சு சார். அன்னிக்கே போடுங்கன்னு சொன்னேனே."

நண்பன் சொன்னது சரி. ஆனால் அவன் பேச்சைக் கேட்டு நான் காத்திருந்த காலத்தில்தான் என் ஸ்லாட்டுக்கான கார்டுகள் நின்றுபோயிருந்தன. மாமனார் வீட்டுக்கு முதலிடம் என்பது எனக்குப் புரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கார்டு கைமாறியதை அன்றே விட்டுவிட்டேன். ஷிஃப்டை விட முடியவில்லை. புது வெர்ஷனை ஓட்ட முடியாத என்னோடு பழைய வெர்ஷனில் உட்கார்ந்திருக்க அலுத்துவிட்டது என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் கோபப்பட்டிருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும், பாவம் வேலையில் இருக்கிறான் என்று நினைத்து, நான் போன்கூடச் செய்யாமல் இருந்தேன்.

அடுத்த மாசியில் எல்லாவற்றையும் புதிதாக வாங்கினேன். சில மாதங்கள் கழித்து அவன் கூப்பிட்டான்.

"மாப்ள, மச்சினன் துபாய் போயிட்டான்டா. ஓட்ட ஆளே இல்ல. நீ புதுசு வாங்கிட்டியாமே, அம்மா சொன்னாங்க. ஞாயித்துக்கிழம வா."

புது மெஷின் என் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமையும் ஷிஃப்ட் போட்டுட்டாங்க" என்றேன்.

என் விடுப்பு எந்தக் கிழமை என்று அவனுக்குத் தெரியாததில்லை. அவன் அறையில் யாரோ தாளிக்கும் சத்தம் கேட்டது.

"சரிடா" என்றான்.