கஜீவனின் இரண்டு சப்பாத்துகள்

"நிப்பாட்டாதேங்கோ. அப்பிடியே ஒடிச்சுக்கொண்டு மாமரத்தைச் சுத்துங்கோ."

கார் உள்ளே நுழைந்ததுமே கஜீவன் இப்படித்தான் கைகாட்டுவார். சாவகச்சேரியில், கண்டி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது அவருடைய கராஜ். கராஜ் என்பது நான்கு தகரமும் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரமும். வருகிற கார் எதுவானாலும் ஸ்ரேறிங்கை முழுக்க ஒடித்தபடி அந்த மரத்தை வலமாக ஒருமுறை, இடமாக ஒருமுறை சுற்ற வேண்டும். "என்னண்ணை, உதென்ன பிள்ளையாரோ?" என்று வாகனக்காரர் பகிடி விடுவார்கள். கஜீவன் சிரிக்க மாட்டார். தலையைச் சரித்து முன்சில்லின் சத்தத்தைக் கேட்பார். டக், டக், டக் என்று வந்தால், "முழங்கால் கதைக்குது. இறங்குங்கோ" என்பார். இறங்கியவர்கள் மரத்தடியில் நிற்பதில்லை. அதில் முசுறு எறும்பு அதிகம், விழுந்தால் கடிதான்.

எஞ்சினிலிருந்து முன்சில்லுக்குப் போகும் தண்டில், சில்லோடு சேர்ந்து மடங்கித் திரும்புகிற மூட்டு ஒன்று உண்டு. அதைத்தான் அவர் முழங்கால் என்கிறார். அதை மூடியிருப்பது துருத்தி போல மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. கராஜ்களில் அதன் பெயர் பூட். பூட் கிழிந்தால் உள்ளே இருக்கும் கிறீஸ் வெளியே போய்விடும்; வெளியே இருக்கும் மண் உள்ளே போய்விடும். பிறகு மூட்டு அரைபடத் தொடங்கும்.

கஜீவன் கண்ணை நம்புவதில்லை. காருக்கு அடியில் உரப்பையை விரித்துப் படுத்து, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் பிதுக்கிப் பார்ப்பார். "வெடிப்பு மடிப்புக்கை ஒளிச்சிருக்கும்." கிழிந்திருந்தால் சில்லைக் கழற்றி, தண்டை உருவி, மூட்டை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் அப்பி, புதுப் பூட் மாட்டி வளையத்தை இறுக்குவார். தண்டை உருவாமலே மாட்டலாம் என்று, வெட்டி ஒட்டுகிற பூட்டோடு வருபவர்களுக்கு அங்கே வேலை நடக்காது. "ஒட்டினது ஒட்டினதுதான். உதை வேறை ஆரிட்டையும் குடுங்கோ."

மற்ற மெக்கானிக்குகள் செருப்போடு நிற்பார்கள். இவர் எந்த வெயிலிலும் சப்பாத்து, சொக்ஸ், நீளக் காற்சட்டை. பன்னிரண்டு வயதில் ஒரு ஷெல், ஒரு காலை முழங்காலுக்கு மேலே கொண்டுபோய்விட்டது. எந்தக் கால் என்பதில் ஒழுங்கைக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. வலது என்பார் கடைக்காரர். இடது என்று அடித்துச் சொல்வார் பால்காரர். இருவரையும் கஜீவன் திருத்தியதில்லை.

பொய்க்காலின் முழங்காலுக்குள் மண் போய்க் கிறீச்சிட்டது. அவர் அதற்கும் ஒரு காரின் பூட்டை மாட்டி, கிறீஸ் வைத்து, வளையம் போட்டு இறுக்கிவிட்டார். கால் செய்து கொடுத்த இடத்தில் ஏசினார்கள்: "உதென்ன கோலம்? கழட்டும்."

"கார் முழங்காலுக்கு ஆகாத மண் எனக்கு மட்டும் ஆகுமோ? நானென்ன வேறை கொம்பனியோ?" என்று கேட்டுவிட்டு நடந்து வந்தார். இன்றுவரை கழற்றவில்லை.

ஆனால் ஒவ்வொரு காருக்கும் படுப்பதும் எழும்புவதும் துண்டான காலைப் புண்ணாக்கிவிட்டது. புண் ஆறாவிட்டால் இந்தத் தொழிலை விட வேண்டியதுதான் என்றார் வைத்தியர். காரைத் தலைக்கு மேலே தூக்கிவிடும் ஹொயிஸ்ட் ஒன்று இருந்தால் நின்றுகொண்டே வேலை செய்யலாம். அதைத் தருவதாக வெளிநாட்டுச் சங்கம் ஒன்று சொன்னது. காலைக் காட்டி ஒரு படம் மட்டும் வேண்டுமாம்.

"ஒரு நிமிசம் காட்டினா என்ன, தேஞ்சே போகும்?" என்றாள் மனைவி பிரசாந்தி, புண்ணுக்கு மருந்து கட்டியபடி.

"தேயாது. ஆனா அதுக்குப் பிறகு இஞ்சை கார் வராது. பரிதாபம்தான் வரும்."

"வந்தா வரட்டும். எனக்குப் புண் மாறினாக் காணும்."

கஜீவன் கட்டுக்கு மேலே காற்சட்டையை இழுத்து விட்டார்.

சங்கத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் செபநாயகம் மறுநாள் தன் காரிலேயே வந்தார். கூடவே படம் எடுக்கப் பிரணவன் என்ற இளைஞன். அவர்களும் மாமரத்தைச் சுற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது சுற்றில் டக், டக் என்று கேட்டது.

"தம்பி, காற்சட்டையை ஒருக்கா மேலை மடிச்சு விடும்" என்றார் இறங்கிய செபநாயகம். "கொஞ்சம் சோகமா நிண்டா நல்லது. அங்கை உள்ள ஆக்களுக்குப் பாத்தாத்தான் மனம் இளகும்."

"ஹொயிஸ்ட் காரைத் தூக்கத்தானே ஐயா? பிறகேன் என்ரை காற்சட்டையைத் தூக்கச் சொல்லுறியள்?"

பிரணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செபநாயகத்துக்கு வரவில்லை. "படம் இல்லாட்டி ஹொயிஸ்ட் இல்லை, தம்பி. அதுதான் சங்கத்தின்ரை முறை."

"விளங்குது. உங்கடை முழங்கால் கதைக்குது. முதல்லை அதைப் பாப்பம். நான் வேலை செய்யேக்கை வேணுமெண்டா எடுங்கோ."

உரப்பையை விரித்து, மரத்தடியிலேயே நின்ற காருக்கு அடியில் புகுந்தார். இடுப்புவரை மறைந்தது. வெளியே மிச்சம் இரண்டு காற்சட்டைக் கால்கள், இரண்டு சப்பாத்துகள்.

பிரணவன் கமராவோடு குந்தினான். இங்கிருந்து பார்த்தான், அங்கிருந்து பார்த்தான். "ஐயா, இதிலை எது?"

செபநாயகமும் குனிந்து பார்த்தார். "தம்பி, காலை ஒருக்கா ஆட்டிக் காட்டும்."

"பூட் கிழிஞ்சு கிடக்கு, ஐயா" என்றது அடியிலிருந்து குரல். "கொஞ்சம் பொறுங்கோ."

பிரணவன், கராஜோடு ஒட்டிய வீட்டின் குசினி வாசலில் நின்ற பிரசாந்தியைப் பார்த்தான். "அக்கா, எது?"

பிரசாந்தி சப்பாத்துகளைப் பார்த்தாள். ஹொயிஸ்ட் இனி வராது என்பது அவளுக்கு விளங்கியது. "ரெண்டும் அவரின்ரை கால்தான், தம்பி" என்றாள்.

அப்போது மரத்திலிருந்து ஒரு முசுறு விழுந்தது. ஒரு சப்பாத்தில் ஏறி, சொக்ஸைக் கடந்து, காற்சட்டைக்குள் போனது. காருக்கு அடியில் கஜீவன் பல்லைக் கடித்தார். கடித்த இடம் நெருப்பாய் எரிந்தது. அவருடைய விரல் அடுத்த மடிப்பைப் பிதுக்கியது.

வெளியே, கமராவுக்கு முன்னால், இரண்டு சப்பாத்துகளும் அசையாமல் கிடந்தன.