மலைக்குப் போன சிவப்புக் கயிறு

சனிக்கிழமை காலை பத்து மணியளவில், சந்தைக்குப் போவதற்காகப் பழைய களிசானை எடுத்துக் காலை விட்டேன். முழங்காலுக்கு மேலே என் பெருவிரல் வெளியே வந்தது. பழசு, கிழிந்துவிட்டது என்று நினைத்துக் கையால் இழுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல், நனைந்த கடதாசி மாதிரித் துணி கையோடு வந்தது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வலது தொடையிலிருந்து கீழே சின்னச் சின்ன ஓட்டைகள், ஓரமெல்லாம் மண்ணிறம். நான் கட்டிலில் இருந்துவிட்டேன். களிசான் போனதற்காக அல்ல. அதைக் கடைசியாக உடுத்த நாளில் என் மடியில் கிடந்தது என் மனைவியின் கயிறு. அந்தக் கயிறு இப்போது அவளோடு மலையில் இருந்தது.

என் மனைவி புவியியல் படிப்பிக்கிறவள். இருபது வருடமாகத் தீவுப் பிள்ளைகளுக்குச் சமவுயரக் கோடுகளைக் கீறிக் காட்டியவள். கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் சாய்வு. எங்கள் புளியங்கூடலில் உயரம் என்று அண்ணாந்து பார்க்க ஒரு தண்ணீர்த் தாங்கியும் கொஞ்சம் பனைகளும்தான் உண்டு. ஒருநாள் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், நீங்கள் மலையில ஏறினனீங்களோ?" என்று கேட்டுவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் தேத்தண்ணீரை ஆறவிட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு பல்வைத்தியர் நடத்துகிற மலையேறும் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். வயது நாற்பத்தாறு.

நான் சிரித்தேன். மலையே இல்லாத ஊரில் மலையேறும் சங்கமா என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவள் கணக்கெடுக்கவில்லை. கட்டி முடிக்காத ஒரு மாடிவீட்டுச் சுவரில், பிடித்து ஏறுவதற்கு மரக்குற்றிகள் பூட்டி, சனிக்கிழமைகளில் பழகினார்கள். உள்ளங்கை தோலுரிந்து வருவாள். எண்ணெய் பூசிக்கொண்டு, அன்று எத்தனை அடி ஏறினாள் என்று சொல்லுவாள். எனக்குச் சிரிப்பு குறைந்து பயம் கூடியது அப்போதுதான்.

சுவிஸில் இருக்கிற அவளுடைய தம்பி அந்தக் கயிற்றை அனுப்பினான். சிவப்பு, இடையிடையே நீலப் புள்ளி. கையில் எடுத்தால் பாம்புக்குட்டி மாதிரி வழுவழுவென்று நெளியும். அதை மிதிக்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது. மடிக்கிறதற்கும் ஒரு முறை. கழுத்தில் மாலை போலப் போட்டு இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டுத்தான் மடிப்பாள். அலுமாரியின் மேல்தட்டில் அதற்கென்று ஒரு பை. "இனிப் பூசை ஒண்டுதான் குறை" என்று சொன்னேன். அவள் அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.

இனி என் கெட்டித்தனம். அவர்கள் மலைக்குப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர், நெடுந்தீவில் இருக்கிற என் அக்கா வீட்டுச் சூரியவிளக்கின் பற்றரி செத்துப்போனது. எங்கள் வீட்டில் சும்மா கிடந்த பெரிய பற்றரியைக் கொண்டுபோய்க் கொடுக்க வெளிக்கிட்டேன். கட்டக் கயிறு தேடினால், வீட்டில் கிடந்தது உக்கிப்போன தென்னங்கயிறு. மனைவி பள்ளிக்கூடத்தில். அலுமாரியைத் திறந்தேன். இவ்வளவு நல்ல கயிறு வீட்டில் இருக்கும்போது உக்கிய கயிற்றில் கட்டிக் கடலில் விடுவதா?

குறிகட்டுவானில் வள்ளம் ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. நடுக்கடலில் சோளகக் காற்று பிடித்துக்கொண்டது. வள்ளம் ஒரு பக்கம் சரிய, பற்றரியும் சரிந்து என் தொடையில் சாய்ந்தது. நான் கயிற்றை இன்னும் நாலு சுற்று சுற்றி, மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். களிசான் நனைந்திருந்தது. கடல் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். வள்ளத்தில் எல்லோரும்தான் நனைந்திருந்தார்கள்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்து, கயிற்றையும் களிசானையும் கிணற்றடியில் அலசி, நிழலில் காயவைத்தேன். நிழலில் என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு கவனமான மனிதன் நான். அவள் பள்ளிக்கூடத்தால் வருமுன் கயிற்றை முழங்கையிலும் உள்ளங்கையிலுமாகச் சுற்றி எடுத்துப் பையில் போட்டு, மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

பயணத்துக்கு முதல் நாள், வியாழக்கிழமை, அவள் குசினி வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்ரை கயித்தைத் தொட்டனீங்களோ?"

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தலை நிமிர்த்தவில்லை.

"நான் ஏன் உம்மடை கயித்தைத் தொடுறன்?"

"இல்லை, கேட்டனான். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"தொடேல்லை எண்டு சொல்லுறன் எல்லே."

சரி என்று போய்விட்டாள். அவளிடம் வாங்கிக்கட்ட வேண்டிவரும் என்ற சின்னப் பயம், அவ்வளவுதான். கழுவித்தானே வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளி பின்னேரம் சங்கத்து ஆட்கள் எட்டுப் பேரும் ஒரு வாடகை வான் பிடித்து மலைநாட்டுக்குப் போனார்கள். சனி காலை ஏழு மணிக்கு அவள் போன் எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோசம். "பனியா கிடக்கு. கை விறைக்குது. இண்டைக்கு முழுக்க நடை, மேல கூடாரத்தில தங்கல். நாளைக்குக் காலமை பாறையில ஏறுறம். இனி மேல சிக்னல் இல்லை, நாளைக்குப் பின்னேரம் எடுப்பன்." மூன்று மணித்தியாலம் கழித்து நான் அந்தக் களிசானுக்குள் காலை விட்டேன்.

அவளுக்குப் போன் எடுத்தேன். இணைப்பில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது. பல்வைத்தியருக்கு எடுத்தேன், அதே குரல். குறுஞ்செய்தி எழுதினேன், போகாமல் நின்றது. பல்வைத்தியரின் வீட்டுக்கு எடுத்து வான் சாரதியின் இலக்கத்தை வாங்கினேன். "ஏதும் அவசரமோ?" என்று அவருடைய மனைவி கேட்டார். "இல்லை, சும்மா ஒரு விசயம்" என்றேன்.

சாரதி உடனே எடுத்தார். மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்டத்தில் வானை விட்டுவிட்டு இருந்தார்.

"அவை ஏறிப் போட்டினம் அண்ணை. நாளைக்கு மத்தியானம் கடந்துதான் இறங்குவினம். ஏன், வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. மனைவியின் கயிற்றில் பற்றரித் தண்ணீரை, அந்த அசிற்றை, ஊற்றிவிட்டு இல்லை என்று பொய் சொன்னவன் நான் என்று, முகம் தெரியாத ஒருவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு களிசான் ஓட்டையாகிப் போனதற்காக எட்டுப் பேரின் பயணத்தைக் குழப்புவதா? களிசான் பருத்தி. கயிறு நைலோனோ என்னவோ, வெளிநாட்டுச் சாமான். அதற்கு ஒன்றும் ஆகாது.

"இல்லைத் தம்பி, சும்மாதான் எடுத்தனான்" என்று வைத்துவிட்டேன்.

பத்து நிமிடம் முற்றத்தில் நடந்தேன். திரும்ப உள்ளே போய் அந்தத் துணியை எடுத்து இரண்டு விரலால் கிள்ளினேன். கிள்ளின துண்டு கையில் வந்தது. சந்தியில் மோட்டார்ச் சைக்கிள் திருத்துகிறவரிடம் சைக்கிளில் ஓடினேன். பற்றரித் தண்ணீர் நைலோனை என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தின்னும். வெளியால பார்த்தால் தெரியாது. இழுக்கேக்கதான் விடும்."

திரும்பச் சாரதிக்கு எடுத்தேன். இப்போது அவருடைய போனிலும் அதே பெண். பத்துத் தடவை, இருபது தடவை எடுத்தேன். அவர்மேல் எப்படி ஆத்திரப்படுவேன்? அவர் போனை எடுத்தபோது நான் விசயத்தைச் சொல்லவில்லை. யன்னல் கம்பியடியில்தான் சிக்னல் நன்றாக இருக்கும் என்று போனை அங்கே வைத்துவிட்டு, பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஊர்காவற்துறைப் பஸ் போனது, வந்தது. நயினை அம்மாளுக்கு நேர்த்தி வைப்போம் என்று கைகூப்பினேன். என்ன நடந்தது என்று அம்மாளிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டுமே. அதற்கே வாய் வரவில்லை. எந்த முடிச்சை எங்கே போடுவாள், எந்த இடத்தில் காலை வைப்பாள் என்று அவள் சொன்னவற்றை எல்லாம் நான் காதில் போட்டதே இல்லை. இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சாரதியிடமிருந்து போன் வந்தது.

"மன்னியுங்கோ அண்ணை, சார்ஜ் இறங்கிப் போச்சு. இப்பதான் தோட்டத்து வீடொண்டில போட்டனான்."

இந்த முறை ஒரே மூச்சில் சொன்னேன். நெடுந்தீவு, பற்றரி, கயிறு, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும். சிவப்புக் கயிற்றில் ஒருத்தரையும் ஏறவிடாதேயும், எப்படியாவது போய்ச் சொல்லும் என்று கெஞ்சினேன்.

"நேற்றுச் சொல்லியிருக்கலாமே அண்ணை. நேற்றெண்டால் தோட்டத்துப் பெடியள் நிண்டவங்கள். இண்டைக்கு ஆரும் இல்லை."

"ஓம் தம்பி."

"எனக்கு முழங்கால் சரியில்லை. குறுக்குப் பாதையால போனாலும் இரண்டு மணித்தியாலமாவது ஏற வேணும். சரி, வெளிக்கிடுறன்."

எட்டு மணி ஆனது. எட்டரைக்கு ஏறத் தொடங்குவார்கள் என்று ஒருநாள் சொல்லியிருந்தாள். ஒன்பது. அந்த மனிதர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எந்த வளைவில் இருந்து மூச்சு வாங்குகிறாரோ. பத்து. பதினொன்று. பக்கத்து வீட்டில் யாரோ உரலில் இடிக்கிற சத்தத்தைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கேயோ ஒருவர் விழுகிற சத்தம் போல அது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்றரை மணிக்கு அவள் எடுத்தாள்.

"ஏறேல்லை" என்றாள். அவ்வளவுதான் முதலில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மறைக்கவில்லை. அவள் அது முடியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலையில் அந்தக் கயிற்றைத்தான் பாறையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளை ஒன்று அதில் ஏறி இறங்கியும்விட்டது. அடுத்தது என் மனைவி. இடுப்பில் கட்டி, முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டு நிற்கும்போது சாரதி கீழே இருந்து கத்திக்கொண்டு வந்திருக்கிறார். பல்வைத்தியர் கயிற்றைக் கீழே இறக்கி, முழு நீளத்தையும் விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். ஒரு இடத்தில் விறைத்துக் கிடந்தது. காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுக்க, மேலுறை பிரிந்து உள்ளே இருந்த நூல் பொடிப்பொடியாக உதிர்ந்ததாம்.

"அந்தப் பிள்ளைக்கு அம்மா மட்டும்தான்" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"கயிறு முழங்கையில சுத்தினபடி கிடந்தது. நான் அப்பிடி ஒருநாளும் சுத்திறேல்லை. அதைக் கண்டுதான் உங்களைக் கேட்டனான். நீங்கள் தொடேல்லை எண்டு சொன்னீங்கள். சரி, நான்தான் மறந்துபோய்ச் சுத்திப் போட்டன் எண்டு நினைச்சுக் கொண்டுபோனனான்."

திங்கட்கிழமை வந்தாள். ஒருவரும் தெரியாமல் எடுத்து ஏறிவிடக் கூடாது என்று கயிற்றை முழ அளவில் வெட்டிவிட்டார்கள். அதில் இரண்டு துண்டை அவள் கொண்டுவந்திருந்தாள். ஏசவில்லை. மலையைப் பற்றிச் சொன்னாள், பனியைப் பற்றிச் சொன்னாள், சமவுயரக் கோடுகள் உண்மையிலேயே காலுக்குத் தெரிகின்றன என்று சொன்னாள். அடுத்த முறையும் போகப்போவதாகச் சொன்னாள். நான் ஓம் என்றேன்.

செவ்வாய் காலை இரண்டு பேரும் ஒன்றாக வெளிக்கிட்டோம். படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"காஸ் மூடினனீங்களோ?"

"ஓம், மூடிப்போட்டன்."

நான் மூடித்தான் இருந்தேன். அவள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, திறப்பால் கதவைத் திறந்து, குசினிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.