சட்டத்துக்குள் ஒரு துப்பாக்கி

போன செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். என் மனைவி சிவகாமி கடலைக் கொல்லையில் நின்று மண்ணெண்ணெய் டின்னைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். முந்திரிக்காட்டிலிருந்து பன்றிகள் இறங்கியிருந்தன. டின் சத்தத்துக்கு அவை ஓடவா செய்யும்? தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் கடலையைத் தோண்ட ஆரம்பித்தன.

வீட்டுக்குள் துப்பாக்கி இருந்தது. தோட்டா இருந்தது. நானும் இருந்தேன்... ஆனால் எனக்குச் சுட வராது.

சுட வருகிறவள்தான் டின் தட்டிக்கொண்டிருந்தாள். ஏன்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களைச் சிரிக்கவைக்கிறவன்தான். இந்த வாரம் முடியவில்லை.

ஆலங்குடிப் பக்கம் எங்களுக்கு ஒரு கொல்லை உண்டு என்று பலமுறை எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொள்வது சிவகாமி. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அவள் விராலிமலைப் பக்கத்துப் பெண். சின்ன வயசிலிருந்தே துப்பாக்கி பிடித்துப் பழகியவள். கல்யாணமான புதிதில் எனக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

எங்களிடம் இருப்பது பம்ப் துப்பாக்கி. ரோடு போட வந்த ஒரு இஞ்சினியர் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. குழாய்க்கு அடியில் இருக்கிற கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். லைசென்ஸ் என் பெயரில். ஆண்பிள்ளை பெயரில் மனுப் போட்டால் சுலபம் என்றார்கள். சரி என்று போட்டேன். யார் பெயரில் இருந்தால் என்ன, பன்றி லைசென்ஸைப் படித்துவிட்டா வரப்போகிறது?

சங்கடம் வேறே இடத்தில் இருந்தது. அந்தத் துரை ஆறடிக்கு மேலே. துப்பாக்கியும் அவர் அளவுக்குத்தான் நீளம். சிவகாமி என் தோள் உயரம். முந்திரி மரமோ கிளையைத் தரையில் பரப்பிக்கொண்டு கிடக்கிற மரம். குனிந்து உள்ளே நுழைந்தால் குழாய் கிளையில் மாட்டிக்கொள்ளும். அதை அவள் விடுவித்து எடுப்பதற்குள் பன்றி அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

குழாயைக் குறைத்தால் என்ன என்று அவள்தான் கேட்டாள். துப்பாக்கி விஷயம், சும்மா விடுவார்களா? முறைப்படி மனு எழுதினேன். முந்திரிக்காட்டில் நீளக் குழாய் உதவாது என்று காரணமும் சொன்னேன். நாலு மாசம் நடையாய் நடந்தபிறகு சமஸ்தான முத்திரையோடு உத்தரவு வந்தது. குறைத்துக்கொள்ளலாம்... ஆனால் இன்ன அளவுக்குக் கீழே போகக்கூடாது.

புதுக்கோட்டையில் ஒரு துப்பாக்கி ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவர் வேலை தெரிந்தவர். இன்னும் கொஞ்சம் குறைத்தால் அம்மாவுக்கு வசதியாக இருக்குமே என்றார். மூச்சு விடாதீர்கள், சட்டம் சொன்ன அளவுக்கு மேலே இரண்டு விரல்கடை மிச்சம் இருக்கட்டும் என்றேன். என்ன ஒரு சட்ட பக்தி! அந்த இரண்டு விரல்கடை என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. சிவகாமி அதை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. நான் வாங்கிக்கொடுத்த எந்தச் சேலைக்கும் அந்தச் சிரிப்பு வந்ததில்லை.

மறுவாரமே ஒரு பன்றியைச் சாய்த்தாள். சின்னது இல்லை, நாலு ஆள் தூக்குகிற கொம்பன். அதற்கப்புறம் அந்தக் கூட்டம் எங்கள் கொல்லைப் பக்கமே தலைகாட்டவில்லை. ஊரில் எல்லாருக்கும் கடலை போயிற்று, எங்களுக்கு நின்றது.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். துப்பாக்கியைக் குறைத்தவன் பேனாவையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். இருந்தேனா? இரண்டு மாசம் முன்னால் இதே பக்கத்தில் விலாவாரியாக எழுதினேன். குழாய் குறைத்தது, அவள் முந்திரிக்குள் தவழ்ந்து போனது, ஒரே தோட்டா, நான் வீட்டுக்குள் போர்வைக்குள் கிடந்தது... எல்லாம். நீங்களும் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். சிவகாமி அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருந்தாள். என் எழுத்தை அவள் பத்திரப்படுத்தியது அதுதான் முதல் தடவை.

போன மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனேன். எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்று சொல்லமாட்டேன். டேப் வைத்து அளந்தார். சரியாக இருந்தது. இரண்டு விரல்கடை மிச்சம்கூட இருந்தது. உத்தரவைப் பார்த்தார், அதுவும் சரி. நான் துப்பாக்கியை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார்.

பன்றி வேட்டையைப் பற்றி நான் எழுதிய பக்கம்! சிவப்பு மசியில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

அவர் பல வருஷ வாசகராம். ஒரு வாரம் விட்டதில்லையாம். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். லைசென்ஸ் என் பெயரில், சுட்டது வேறொருவர். இது ஊரறிய அச்சில் வந்திருக்கிறது. லைசென்ஸை ரத்து பண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். அப்படியானால் அவள் பெயரிலேயே மனுப் போடுகிறேன் என்றேன். சிரித்தார். வீட்டில் ஆண்பிள்ளை இருக்கும்போது பெண்பிள்ளைக்கு எதற்கு என்று மேலே கேட்பார்கள், அந்தக் காகிதம் நகராது என்றார்.

அப்புறம்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு வழி சொன்னார்.

“அது கற்பனைன்னு உங்க பக்கத்திலேயே ஒரு வரி எழுதிடுங்க சார். நான் ஃபைலை மூடிடுறேன். எழுத்தாளர் கற்பனை பண்றதுக்குச் சட்டத்தில தடை கிடையாதுங்க.”

கடலை வெட்ட இன்னும் ஒன்றரை மாசம் இருந்தது. துப்பாக்கி ஆபீஸில் மாட்டிக்கொண்டால் கொல்லையை மறந்துவிட வேண்டியதுதான். ஒரு வரிதானே, யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிவகாமியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லுவாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

மூன்று வாரம் முன்னால் நான் எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ‘பன்றி வேட்டைக் கதையை நிஜம் என்று நம்பிய வாசகர்களே, என் மனைவி கரப்பான்பூச்சியைக் கண்டாலே அலறுகிறவள்...’ அதிகாரி ஒரு வரிதான் கேட்டார். நான் ஒரு பத்தியே எழுதினேன். சிரிப்பு வரட்டும் என்று கரப்பான்பூச்சியைச் சேர்த்தது என் சொந்தச் சரக்கு. அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

துப்பாக்கி அந்த வாரமே திரும்பி வந்தது. கூடவே கடிதங்களும் வந்தன. முந்தி வந்ததைவிட அதிகம். பொம்பளை பன்றியைச் சுட்டாள் என்றபோதே அது புளுகு என்று எனக்குத் தெரியும் என்று ஒருவர். நல்லவேளை, உங்கள் வீட்டைப் பற்றித் தப்பாக நினைத்திருந்தோம் என்று இன்னொருவர். நான் ஊரில் இல்லாத நாளில் தபால் வந்திருக்கிறது. சிவகாமி அத்தனையையும் பிரித்துப் படித்துவிட்டு, மடித்து என் மேஜையில் அடுக்கி வைத்திருந்தாள். கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்த காகிதம் காணோம்.

சண்டை போட்டால் தேவலை. அவள் போடவில்லை. சோறு போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. துப்பாக்கியை வைத்த இடத்தைவிட்டு அவள் எடுக்கவில்லை. பன்றிக்கு அதெல்லாம் தெரிந்துவிடுமோ என்னவோ, பத்தே நாளில் கூட்டம் திரும்பி வந்துவிட்டது.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை. அவள் டின்னோடு திரும்பி வந்தாள். கால் முழுக்கச் செம்மண். வடக்குப் பக்கத்துப் பாத்தி பாதி போய்விட்டது என்று சொன்னாள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகக்கூடாதா என்று கேட்டேன். கேட்கிற ஆளைப் பாருங்கள்!

வாசலிலேயே டின்னை வைத்துவிட்டு நின்றாள்.

“அந்தப் பன்னியைச் சுட்டது யாருங்க?”

நீதான் என்றேன்.

“அதை எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவுது? சுடலைன்னு ஊருக்கில்ல சொன்னீங்க.”

கடலையைக் காப்பாற்றத்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இருபது வருஷமாக அந்தக் கொல்லையில் கிடந்து உழைக்கிறவள். கடலையைப் பற்றி அவளுக்கு நான் சொல்லுவதா? உள்ளே போய்விட்டேன். வெட்கமாக இருந்தது.

நேற்று இதுவரைக்கும் எழுதியதும், அச்சுக்கு அனுப்பும் முன்னால், அவளிடம் முதல்முறையாக அனுமதி கேட்டேன். துப்பாக்கி போய்விடும், கடலையும் போய்விடும் என்றேன். கைக்காரியத்தை விடாமல், “போகட்டுங்க. பேரு இருக்கட்டும்” என்றாள். பதினெட்டு நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் கோபமில்லாமல் பேசியது அதுதான்.

ஆகவே வாசகர்களே, மூன்று வாரம் முன்னால் நான் எழுதியது பொய். பன்றியைச் சுட்டவள் சிவகாமி. ஒரே தோட்டா. கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிறவன் நான்.

ஒரு வாரம் விடாமல் படிக்கிற அதிகாரி ஐயாவுக்கு... திங்கட்கிழமை துப்பாக்கியை நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். அதில் மட்டும் நான் ஒரு விரல்கடைகூடத் தப்புப் பண்ணவில்லை.