நான் பத்துக்குப் பத்து போட்ட செனட்டர்

அந்த அமெரிக்க செனட்டருக்கு நான் எவ்ளோ பெரிய ஃபேன்னு உங்களுக்குத் தெரியும். அரசாங்கம் செலவ குறைக்கணும்னு அவரு பேசுன கிளிப் ஒண்ணு விடாம பாத்துருக்கேன்.

போன வாரம் அவரு போட்ட வோட்டயெல்லாம் நானே தேடிப் பாத்து, இங்க பத்துக்குப் பத்து மார்க் போட்டு ஒரு போஸ்ட் எழுதுனேன்.

இன்னிக்கு லஞ்ச் டைம், இங்க சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல பரோட்டா கடை. என் ஆபீஸ் ஃப்ரெண்ட் நசீரா அந்த போஸ்ட்ட படிச்சா.

"எல்லா செலவு மசோதாவுக்கும் 'நோ' போட்டுருக்காரு, சரி. அதெல்லாம் என்னடா ஆச்சு?"

"பாஸாயிருச்சு. அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

"எவ்ளோ வோட்டு வித்தியாசத்துல?"

அத நான் பாக்கவே இல்ல. பரோட்டா ஆற ஆற ஃபோன்ல தேடுனேன். எல்லாமே ஈஸியா பாஸானது. அவரு 'நோ' போட்டதால ஒண்ணும் மாறல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒரே வோட்டு வித்தியாசத்துல பாஸாயிருக்கு. அதுல அவரு ஊருக்குப் புதுப் பாலம் வருது. அவரு போட்டது 'யெஸ்'. பாலம் நல்ல விஷயம்தானேன்னு நான்தான் அத லிஸ்ட்ல சேக்காம விட்டுருந்தேன்.

நசீரா சொன்னா, "சாப்பாட்டுக்கு வேற ஒருத்தர் காசு கட்டினப்புறம் பர்ஸ எடுக்குற ஆளு லா அவரு."

போஸ்ட்ட டெலீட் பண்ணிடலாம்னு தோணுச்சு. ஆனா என்ன நம்பி ஷேர் பண்ணிருக்கீங்க. அதனால மாத்திட்டேன். பத்துக்கு நாலு.

செலவ குறைக்கணும்ங்கறதுல நான் இப்பவும் அதே ஆளுதான்.

சண்டைக்கு வர்றவங்க தாராளமா வாங்க. கிளிப் மட்டும் அனுப்பாதீங்க. அவரு வோட்டால நின்னுபோன ஒரே ஒரு செலவ காட்டுங்க, நானே அஞ்சாக்குறேன்.